பாரத் பில்டிங்: "ஆபத்தான கட்டடம்" என்று சொன்னால் போதுமா?

சென்னை அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வந்து சேரும் முனையில் ஒரு பழைய சிவப்புக் கட்டடம். கார் ஆக்ஸசரி வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனவர்கள் எல்லாருமே அதைக் கடந்திருப்பீர்கள். பலர் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். வளைவுகள், சின்னச் சின்னக் கோபுரங்கள், நடுவில் முளைத்த செடிகள், உடைந்த சன்னல்கள். பெயர் பாரத் இன்சூரன்ஸ் பில்டிங். அதற்கு முந்தைய பெயர் கார்டைல் பில்டிங்.

2006ல் இதை இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது, இடிப்பு பாதியில் நின்றது, 2010ல் தீர்ப்பு வந்தது. அந்தச் சமயத்தில் நடந்த விவாதம் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. "எவ்வளவு அழகான கட்டடம், இடிக்கலாமா?" என்றது ஒரு தரப்பு. "விழப்போகிற கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆள் செத்தால் யார் பொறுப்பு?" என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுமே கேட்காமல் விட்ட கேள்விகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கட்டடத்தின் கதை.

மருந்துக்கடைக்காரர் கட்டிய மாளிகை

டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற ஆங்கிலேய மருந்து வணிகர் ஊட்டியில் தொழில் செய்துவிட்டு மெட்ராஸ் வந்தவர். மருந்து, அறுவை சிகிச்சைக் கருவிகள், சோடா இதெல்லாம் அவர் வியாபாரம். மவுண்ட் ரோட்டில் தனக்கு ஒரு பெரிய ஷோரூம் வேண்டும் என்று முடிவு செய்தார். வடிவமைத்தவர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ். 1897ல் கட்டி முடித்தார்கள்.

பாணி இந்தோ-சாரசெனிக். உயர் நீதிமன்றம், எழும்பூர் மியூசியம் வளாகக் கட்டடங்கள் எல்லாம் இதே குடும்பம்தான். ஆனால் அவை அரசாங்கம் தன் அதிகாரத்தைக் காட்டக் கட்டியவை. இது ஒரு கடை. தனியார் ஒருவர், அதுவும் மருந்து விற்கிறவர், அரசாங்கக் கட்டடத்துக்குச் சமமாக ஒன்றைக் கட்டி அதில் சோடாவும் மருந்தும் விற்றிருக்கிறார். அன்றைய மவுண்ட் ரோட்டில் எவ்வளவு காசு புழங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

1920களில் ஸ்மித் கம்பெனியை ஸ்பென்சர்ஸ் வாங்கியது. 1934ல் கட்டடம் கைமாறி பாரத் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வந்தது. பொதுவாக இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கே நிறுத்திவிட்டு நேராக 2006க்குத் தாவிவிடுவார்கள். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இதற்குப் பிறகு உள்ள பகுதிதான்.

லாகூரில் இருந்து மவுண்ட் ரோட்டுக்கு

பாரத் இன்சூரன்ஸ் மெட்ராஸ் கம்பெனி இல்லை. 1896ல் லாகூரில் தொடங்கியது. தொடங்கியவர் லாலா ஹர்கிஷன் லால். 1894ல் பஞ்சாப் நேஷனல் வங்கி உருவானபோதும் முன்னால் நின்றவர்களில் ஒருவர். இந்தியர்களின் சேமிப்பு இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்ற சுதேசி எண்ணம் அந்தத் தலைமுறையிடம் இருந்தது. 1919 பஞ்சாப் கலவரச் சமயத்தில் சிறைக்குப் போனார், அடுத்த சில வருடங்களில் பஞ்சாபில் மந்திரியாகவும் இருந்தார். கடைசியில் திவாலாகி 1937ல் இறந்தார்.

1936ல் பாரத் இன்சூரன்ஸ் ராமகிருஷ்ண டால்மியா கைக்குப் போனது. பிரிவினைக்குப் பிறகு லாகூர் வேறு நாடாகிவிட்டது. கம்பெனி இந்தியாவில் தொடர்ந்தது.

1955 டிசம்பர். மக்களவையில் ஃபெரோஸ் காந்தி எழுந்து பேசுகிறார். ஆயுள் காப்பீட்டில் மக்கள் போட்ட பணத்தை, கம்பெனியை நடத்துகிறவர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கு எப்படித் திருப்பிவிடுகிறார்கள் என்று புட்டுப் புட்டு வைக்கிறார். அவர் குறிவைத்தது டால்மியாவின் கம்பெனிகளை. பாரத் இன்சூரன்ஸ் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் பங்குச் சந்தை ஊக வியாபாரத்துக்குப் போய்விட்டது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1962ல் டால்மியாவின் குற்றம் அங்கேயும் உறுதியானது. 1955 கணக்கில் இரண்டு கோடி என்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். எல்.ஐ.சி. தொடங்கியபோது அரசு போட்ட மொத்த மூலதனமே ஐந்து கோடிதான்.

பேச்சு நடந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் போட்டு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் அத்தனையின் நிர்வாகத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. நாட்டுடைமைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் பொதுமக்கள் மனதில் அதற்கு நியாயம் சேர்த்தது பாரத் இன்சூரன்ஸ் விவகாரம்.

இப்போது மறுபடி அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பாருங்கள். எந்தக் கம்பெனியின் முறைகேடு எல்.ஐ.சி. உருவாக ஒரு காரணமாக இருந்ததோ, அந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய கட்டடம் அது. நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு அது சொத்தாக வந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதை இடிக்க வேண்டும் என்று நின்றதும் எல்.ஐ.சி.தான். அதே சாலையில் சற்றுத் தள்ளி நாமெல்லாம் அண்ணாந்து பார்த்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம், 1959ல் திறந்தது. இந்தியக் காப்பீட்டு வரலாற்றின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே சாலையில் நிற்கின்றன. வேறு எந்த ஊரில் இப்படி அமைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இடிப்பு விவாதத்தில் இது ஒரு வாதமாகவே எழவில்லை. எல்லாரும் கோபுரத்தையும் வளைவையும் பற்றித்தான் பேசினார்கள். பாரம்பரியம் என்றாலே முகப்பு அழகு என்று நாம் பழகிவிட்டோம்.

எல்.ஐ.சி. பக்கத்து நியாயம்

இடிக்கக் கூடாது என்று எழுதுகிறவர்கள் எதிர்த்தரப்பை வில்லனாகக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது சரியில்லை. எல்.ஐ.சி. தரப்பில் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு.

ஒன்று, உயிர். இது சாக்குப்போக்கு கிடையாது. மைசூரில் 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் பில்டிங்கின் ஒரு பகுதி விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலான கட்டடம், கீழே கடைகள், பழைய புத்தகம் வாங்க வருகிற கூட்டம். அதற்கு நான்கு வருடம் கழித்து, எதிரிலேயே இருக்கும் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதியும் விழுந்தது. மும்பையில் வாட்சன்ஸ் ஓட்டலாக இருந்த எஸ்பிளனேட் மேன்ஷனில் 2005ல் பால்கனி இடிந்து ஒருவர் இறந்தார். அண்ணா சாலை மாதிரி இடத்தில், பிளாட்பாரத்தை ஒட்டி நிற்கிற கட்டடத்தில் இருந்து ஒரு கல் விழுந்தாலும் யாராவது ஒருவர் தலையில்தான் விழும்.

இரண்டு, பணம். எல்.ஐ.சி.யிடம் இருப்பது பாலிசிதாரர்களின் பணம். மவுண்ட் ரோட்டு நிலத்தின் மதிப்பு எல்லாருக்கும் தெரியும். வருமானம் வராத கட்டடத்தில் கோடிகளைக் கொட்டு என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம். சொல்கிறவர் கைக்காசு போடப் போவதில்லை.

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது.

கட்டடம் எப்படி ஆபத்தானதாக ஆகிறது?

பி.ஈ. முதல் வருடத்தில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக இருந்த ஒரு சிவில் பேப்பர்தான் என் முறையான கட்டடப் படிப்பு. மீதியெல்லாம் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் கொத்தனார்களிடமும் இன்ஜினியர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டடங்களில் பெரும்பாலும் கான்கிரீட் தூண் கிடையாது. தடித்த செங்கல் சுவர்தான் பாரத்தைத் தாங்கும். செங்கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. கூரைக்கு "மெட்ராஸ் டெரஸ்" என்றே பெயர். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, மேலே சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சாய்வு வரிசையாகக் காரையில் பிடிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, தட்டித் தட்டிக் கெட்டியாக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இது நூறு வருடம், இருநூறு வருடம் தாங்கும். இதன் எதிரி வயது இல்லை. தண்ணீர்தான்.

மாடியில் ஒரு தட்டோடு உடைகிறது. மாற்றவில்லை. மழைத்தண்ணீர் போகிற குழாய் அடைக்கிறது. எடுக்கவில்லை. தண்ணீர் கீழே இறங்கி, தேக்குக் கட்டை சுவருக்குள் நுழைகிற முனையைத் தொடுகிறது. கட்டையின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும், முனை மட்டும் உளுத்துப் போயிருக்கும். அதற்குள் காக்கா எச்சத்தில் வந்த அரச விதை ஒன்று சுவர் இடுக்கில் முளைத்திருக்கும். கையால் பிடுங்கிப் போட வேண்டிய செடி, ஐந்து வருடத்தில் வேரை உள்ளே விட்டுச் சுவரைப் பிளக்கும். இடையில் யாராவது "ரிப்பேர்" என்று சிமென்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி செங்கல்லைப் பொடியாக்கும்.

கடைசியில் ஒரு பகுதிக் கூரை விழுகிறது. உயரமான சுவர்களை நிமிர்த்திப் பிடித்திருந்ததே அந்தக் கூரையும் தளமும்தான். அது போனதும் சுவர் தனியாக நிற்கிறது. இப்போது ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு "இது பத்திரமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "இல்லை" என்றுதான். அவர் பொய் சொல்லவில்லை.

பிரச்சினை பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "இன்றைக்கு இது பத்திரமா?" என்பது ஒரு கேள்வி. "இதைப் பத்திரமாக்க முடியுமா, எவ்வளவு செலவாகும்?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வந்த "இல்லை" என்ற பதிலை இரண்டாவது கேள்விக்கும் பதிலாகக் காட்டித்தான் இந்த ஊரில் பல கட்டடங்கள் தரைமட்டமாயின. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. "இந்த நிலைக்கு வர எத்தனை வருடம் ஆயிற்று, அத்தனை வருடம் சாவி யார் கையில் இருந்தது?" இதை யாரும் கேட்பதே இல்லை.

மும்பை வாட்சன்ஸ் ஓட்டல் விஷயத்தில் இந்த வித்தியாசம் வெளிப்படையாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் பூட்டிய கட்டடம் அது. 2019ல் ஐ.ஐ.டி. பாம்பே அறிக்கை இடிக்கலாம் என்றது. பாரம்பரியக் கட்டடங்களில் வேலை செய்யும் வல்லுநர்கள் காப்பாற்ற முடியும் என்றார்கள். ஒரே கட்டடம், இரண்டு பக்கமும் படித்தவர்கள். எதைத் தேடிப் போனார்கள் என்பதுதான் மாறியது.

நம் ஊரிலேயே செய்திருக்கிறார்கள்

"இதெல்லாம் ஐரோப்பாவில் நடக்கும், இங்கே யார் செய்வது?" என்பார்கள். கடற்கரையில் இருக்கும் டி.ஜி.பி. அலுவலகத்தைப் பாருங்கள். 1839ல் ஃப்ரீமேசன்களுக்காகக் கட்டியது, பிறகு போலீசுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அரசு முடிவெடுத்தது. அப்போதும் இன்டாக் நீதிமன்றம் போனது. அரசு மனதை மாற்றிக்கொண்டு கட்டடத்தைச் சீரமைத்தது. இன்றைக்கு வெள்ளை வெளேரென்று நிற்கிறது, உள்ளே வேலையும் நடக்கிறது.

சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. கூரை எரிந்து விழுந்தது, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை இல்லாத, தீயில் வெந்த சுவர்கள். "ஆபத்தான கட்டடம்" என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான கட்டடம் இருக்க முடியாது. அதைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் காரையையும் மெட்ராஸ் டெரஸையும் வைத்தே மீட்டது. அடுத்து ஒட்டியிருந்த ஹுமாயூன் மஹாலையும் எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, மறந்துபோன வேலையை ஒரு அரசுத் துறையே திரும்பக் கற்றுக்கொண்டது. பாரத் பில்டிங்கில் இருந்து நடந்தே போகிற தூரம்தான் சேப்பாக்கம்.

மறுபக்கமும் உண்டு. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அதை மீட்கலாம் என்ற பேச்சு எடுபடவில்லை. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. தீ எரித்தது பாதி, நம் பொறுமையின்மை முடித்தது மீதி.

தீர்ப்பு எதைச் சொன்னது, எது மீதம் இருந்தது

2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பாரத் பில்டிங்கை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் கட்டடங்களைக் காக்கத் தனிச் சட்டமே இல்லை. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது நீதிபதி பத்மநாபன் குழு தந்த பட்டியலை. அந்தக் குழு அமைந்ததே விளம்பரப் பலகை வழக்கில்! எந்தெந்தப் பாரம்பரியக் கட்டடங்களை ஹோர்டிங் மறைக்கக் கூடாது என்று பார்க்கத் தயாரான பட்டியலில் 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. ஹோர்டிங்குக்காகப் போட்ட பட்டியல், கட்டடங்களையே காப்பாற்றும் கேடயமாக மாறியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் வந்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறியது.

நல்ல தீர்ப்பு. ஆனால் "இடிக்காதே" என்பதற்கும் "காப்பாற்று" என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டடம் பாதி இடிந்த நிலையிலேயே நின்றது. 2006ல் திறந்துவிட்ட இடங்கள் வழியாக ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் உள்ளே இறங்கியது. இடிக்கும் வேலையை ஜே.சி.பி. செய்தால் நாலு நாள், மழை செய்தால் நாற்பது வருடம். அவ்வளவுதான் வித்தியாசம். மழை மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

என்ன செய்யலாம்?

என் கருத்து இது. ஒரு கட்டடம் ஆபத்து என்று அறிக்கை வந்தால், முதல் வேலை அதைச் சுற்றி வேலி போடுவது, சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது, மேலே தகரமாவது போட்டு மழையை நிறுத்துவது. இதற்கு மாதக்கணக்கு போதும், புதுக் கட்டடச் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். தெருவில் போகிறவர் உயிர் பத்திரமாகிவிடும். "இன்றே முடிவெடு" என்ற அவசரமும் போய்விடும். அதற்குப் பிறகு இடிக்கலாமா, வேண்டாமா என்று நிதானமாகப் பேசலாம். உயிரைக் காட்டி அவசரப்படுத்துகிறவர்கள் முட்டுக் கொடுக்கக்கூட ஆள் அனுப்பவில்லை என்றால், அவர்கள் கவலை உயிரைப் பற்றியது இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து பணம். நிலத்தின் மீது கட்ட முடியாமல் போகிற பரப்பளவை வேறு இடத்தில் கட்டிக்கொள்ள, அல்லது விற்க, உரிமை கொடுக்கும் முறை இருக்கிறது. டி.டி.ஆர். என்பார்கள். மும்பை 1990களிலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டது. ஊருக்காக ஒரு கட்டடத்தை வைத்திரு என்று சொன்னால், ஊர் அதற்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். வெறும் தடை உத்தரவு கொடுத்தால் உரிமையாளர் மழைக்காகக் காத்திருப்பார்.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்ற முடியாது, தேவையும் இல்லை. அடித்தளமே உட்கார்ந்துவிட்டதென்றால் படம் எடுத்து, அளவெடுத்து, வரைபடம் போட்டு வைத்துவிட்டு இடிக்க வேண்டியதுதான். ஆனால் அதை மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகு செய்ய வேண்டும்.

பாரத் பில்டிங்கில் இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. தவணை தவறினால் பாலிசி லேப்ஸ் ஆகிவிடும் என்று நம் வீட்டுக்கு வந்து சொன்னவர் எல்.ஐ.சி. ஏஜென்ட்தான். வருடா வருடம் கொஞ்சம் கட்டினால் கடைசியில் பெரிய இழப்பு வராது. காப்பீடு என்பதே இந்த ஒரு வரிதான். கட்டடப் பராமரிப்பும் இதே வரிதான். உடைந்த தட்டோட்டை மாற்றுவதும், அரசஞ்செடியைப் பிடுங்குவதும், குழாய் அடைப்பை எடுப்பதும் சின்னத் தவணைகள். லேப்ஸ் ஆன பாலிசியை ரிவைவல் செய்ய எல்.ஐ.சி. அவ்வப்போது சலுகைகூட அறிவிக்கிறது. கட்டடத்துக்கும் ரிவைவல் உண்டு. பாக்கியையும் வட்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இனி பேப்பரில் "பழமையான கட்டடம் ஆபத்தான நிலையில், இடிக்க முடிவு" என்று செய்தி பார்த்தால், எந்த ஊராக இருந்தாலும், ஒரு நிமிடம் நின்று அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முக்கியமாக மூன்றாவது. சாவி யார் கையில் இருந்தது?